துழாவி பிடித்த ஆட்டுக் கள்ளன்

2025 பெப்ரவரி 3, திங்கள்

துழாவிக்கு இன்று இன்னொரு ஒற்றை நட்சத்திரம். ஒஸ்லோவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “பெரியம்மா இராசம்மாவின் மரண அறிவித்தலைத் தேடினேன். மிளகு ரசம் வைக்கும் முறை வந்தது.”

நானும் போட்டுப் பார்த்தேன். பொய்யில்லை. ரசம்தான் வருகிறது. அதுவும் முதலாவதாக.

செசி பள்ளிக்கூடத்தால் வந்ததும் காட்டினேன். வாசித்தாள், சிரித்தாள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மறுபடி வாசித்துச் சிரித்தாள். கணிதம் படிப்பிக்கிறவளுக்குப் புருசனின் கணக்குப் பிழைத்தால் அப்படி ஒரு சந்தோசம்.

நேற்றுப் பூசை முடிய ஃபாதர் “றொனால்ட், நீங்க வீட்டில இருந்து என்ன வேலை செய்யிறீங்க?” என்று கேட்டார். பாசிக்குடா ஹோட்டல்காரருக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறேன் என்றேன். அது விளங்கியது. துழாவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, ஒரேயடியாகத் திணறிப்போனேன். அடுத்த முறை திணறாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்: துழாவி என்பது இணைய உலாவியில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் ஒரு சின்ன நீட்சி. நம் ஆட்கள் ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். றொனால்ட், ரொனால்ட், ரொனால்டு, றொணால்ட். ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது வராது. துழாவியில் ஒன்றைப் போட்டால் எல்லாம் வரும். அவ்வளவுதான். இலவசம்.

ஃபாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கோயில் பிரிண்டரையும் ஒருக்காப் பாப்பீங்களா?” என்றார்.

பெப்ரவரி 6, வியாழன்

காத்தான்குடியிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஓய்வுபெற்ற தபாலதிபர். அப்படியே எழுதி வைக்கிறேன்:

“எனது பெயர் அப்துல் கபூர். தங்கள் கருவி என்னைக் கண்டுபிடிக்கிறது. நன்றி. ஆனால் கஃபூர், கபுர், கப்பூர், ஓரிடத்தில் கற்பூர் என்றெல்லாம் கண்டுபிடித்துத் தருகிறது. கண்டுபிடித்தவர் திருத்தியும் தரக் கூடாதா?”

கற்பூர்! பாவம் மனுசன்.

ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் ‘நிலோஜன்’ என்று தேடினால், திரையில் வருகிற எல்லா முடிவுகளிலும் அந்தப் பெயர் நிலோஜன் என்றே தெரிந்தால் என்ன? நீலோஜன், நிலோசன் என்று கண்ணைக் குத்தாமல்? செய்வதும் கஷ்டமில்லை. இதற்கு ‘ஒரே எழுத்து’ என்று பெயர் வைக்கலாம்.

செசியிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அடுத்த ஆள் எழுதினத நீங்க மாத்தலாமா?”

“மாத்தல்ல புள்ள. காட்டுறதை மட்டும்தான்.”

“பொடியன் எழுதின விடைய நானே திருத்தி எழுதிப்போட்டு, மறுகா சரி போட்டா?”

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று நல்லவேளை கேட்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

‘ஒரே எழுத்து’ முடிந்தது. நீட்சிக் கடைக்கு அனுப்பிவிட்டேன். கோயில் பிரிண்டர் முடியவில்லை.

பெப்ரவரி 19, புதன்

கடைக்காரர் அனுமதித்து நான்கு நாளில் ஏழு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்! இரண்டு வருடத்தில் மொத்தமாகவே அவ்வளவு கிடைத்ததில்லை. “கண்ணுக்குக் குளிர்ச்சி” என்று ஒருவர். “இப்போதுதான் கருவி போல இருக்கிறது” என்று ஒருவர். அப்படியென்றால் முன்பு என்னவாக இருந்தது?

கபூர் ஐயா எழுதியிருக்கிறார்: “திரை முழுதும் என் பெயர் சரியாக இருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.”

இணையத்தளத்தின் முகப்பை மாற்றினேன். ‘ஒரே எழுத்து’ என்று பெரிய எழுத்தில், நீல நிறத்தில். செசி எட்டிப் பார்த்துவிட்டு, “பஸ்ஸுக்குப் பெயின்ற் அடிச்ச மாதிரி இரிக்கு” என்றாள். தொடர்புக்கு என் பெயரையும் தன்னாமுனை விலாசத்தையும் போடச் சொன்னதும் அவள்தான். ஆளில்லாத தளத்தை யாரும் நம்பமாட்டார்களாம். போட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பின்னேரம் வாசல் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள். முப்பது வயதிருக்கும் பொடியன், முழுக்கைச் சட்டை, றப்பர் பூட்ஸ். மாட்டுக் கொட்டில் மணம். “துழாவி றொனால்ட் நீங்களா?” என்றார்.

சந்தோசப்பட்டுவிட்டேன். கடவுளே, சந்தோசப்பட்டு, உள்ளே வாங்க, இருங்க என்று சொல்லி, துழாவியைப் பாவிக்கிற ஆள் ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்று செசியை வேறு கூப்பிட்டேன்.

“நான் நிதுர்ஷன். வாழைச்சேனைப் பக்கம் கால்நடை வைத்தியர்,” என்றார். “நான் ஆடு களவெடுத்தனா?”

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் பையிலிருந்து லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். துழாவியில் அவருடைய பெயர். இரண்டாவது முடிவு: ‘முச்சக்கரவண்டியில் மூன்று ஆடுகளைக் கடத்திய நிதுர்ஷன் கைது.’

“எனக்கு ஒரு சம்மந்தம் பேசினாங்க,” என்றார். “வந்தாறுமூலைப் பக்கம். பொம்புளை கேதீஸ்வரி, கெம்பஸில ஆய்வுகூடத்தில வேலை. தகப்பன் கதிர்காமத்தம்பிப் போடியார், பெரிய வயல்காரர். ஆவணியில கலியாணம் எண்டிருந்திச்சு. போன மாசம் திடீரெண்டு வேண்டாமெண்டுட்டாங்க. தரகர்ட்டக் கேட்டா, கொம்பியூட்டரில துழாவி எண்டு ஒண்டு இரிக்காம், அதில என்ட பேர் கிடக்காம்.”

அந்தச் செய்தியை அழுத்தித் திறந்தேன். மூலச் செய்தி வேறு எங்கோ ஒரு தூர ஊர்ப் பத்திரிகை. பெயர் நிதர்சன். நி-த-ர்-ச-ன். துழாவி அதை ‘அதே பெயர்தான், வேறு எழுத்து’ என்று எடுத்து, என் அருமையான ‘ஒரே எழுத்து’ அதை அழகாகத் திருத்தி, நிதுர்ஷன் என்று திரையில் போட்டிருக்கிறது. நானேதான். நானே ஒரு மனுசனை ஆட்டுக் கள்ளனாக்கிப்போட்டன்.

என்ன சொல்ல? மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டன். இது ஒரு நிரல் பிழை எண்டன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “நேத்து ஒரு வீட்டில தடுப்பூசி போடப் போனன்,” என்றார். “ஊசி போட்டு முடிய, அந்த அம்மா என்னப் பாத்துச் சிரிச்சிட்டு, பட்டிக்குள்ள போய் ஆட்டையெல்லாம் எண்ணிட்டு வந்தா.”

செசி தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவர் குடித்தார். போகும்போது, அடுத்த வீட்டு ஆடு அவருடைய மோட்டார் சைக்கிள் ஸீற்றை நக்கிக்கொண்டிருந்தது. துரத்தக் கையை ஓங்கினார். பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையை இறக்கி, அது தானாகப் போகும்வரை நின்றார்.

மார்ச் 5, புதன். திருநீற்றுப் புதன்

‘ஒரே எழுத்தை’ முழுதாக வெட்டி எறிந்தேன். புதிய பதிப்பைக் கடைக்கு அனுப்பினேன். அவர்கள் பார்த்து அனுமதித்தால்தான் ஆட்களின் உலாவிக்குப் போகும். அதுவரை நிதுர்ஷன் ஆட்டுக் கள்ளன்தான்.

தளத்தில் மன்னிப்பு அறிவித்தல் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. செசி நெற்றியில் சாம்பலோடு சிவப்புப் பேனையை எடுத்தாள். கடைசியில் மிஞ்சியது: “துழாவி சில பெயர்களை மாற்றிக் காட்டியது. பிழை என்னுடையது. மூலப் பக்கத்தைத் திறந்து பாராமல் எவரைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டாம்.”

“இது போதும்,” என்றாள். “மிச்சமெல்லாம் நீங்க நல்லவர் எண்டு காட்டுறதுக்கு எழுதினது.”

மார்ச் 6, வியாழன்

‘பரிசீலனையில்.’

மார்ச் 7, வெள்ளி

‘பரிசீலனையில்.’ யார்தான் பரிசீலிக்கிறார்கள்? எழும்பிவிட்டார்களா?

தளத்தில் எழுதினால் போதுமா? போடியார் என் தளத்தையா பார்க்கப் போகிறார்? நேரே போய்ச் சொல்ல வேண்டும். செசியும் அதையே சொல்கிறாள்.

மார்ச் 8, சனி

போனேன். வீட்டில் ஆளில்லை, வயல் வட்டையில் அறுவடை என்றார்கள். வெள்ளம் வடிந்து பிந்திப் பழுத்த வயலெல்லாம் இப்போதுதான் வெட்டுகிறார்கள். லப்டொப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வரம்பு வரம்பாய் நடந்தேன். வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. போடியார் உழவு இயந்திரப் பெட்டியில் சாய்ந்து நின்றார். பெரிய மீசை, தோளில் துவாய்.

விசயத்தைச் சொன்னேன். மெசின் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. “ஆர் செத்த?” என்றார். லப்டொப்பைத் திறந்து காட்டினேன். அந்த வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது.

போடியார் ஒரு வெறும் சாக்கை எடுத்து உதறினார். “கிட்ட வாகா,” என்று சொல்லி, தன் தலையையும் என் தலையையும் லப்டொப்பையும் சேர்த்து மூடினார். நெல்லுத் தூசி மூக்கில் ஏறியது. அந்த இருட்டுக்குள் நான் என் தொழிலைப் பற்றிய விளக்கத்தை ஆரம்பித்தேன்.

“இதுதான் நீங்க பாத்தது. இப்ப இதை அமத்தினா உண்மையான பக்கம் வரும். பாருங்க, நிதர்சன். வேற ஆள்.”

“அப்ப கொம்பியூட்டர் பொய் சொல்லுமா மனே?”

“கொம்பியூட்டர் சொல்லல்ல. நான்தான் அப்பிடிச் சொல்ல வெச்சன்.”

“ஏன்?”

“பேரெல்லாம் ஒரே மாதிரித் தெரிஞ்சா வாசிக்க லேசாயிரிக்கும் எண்டு.”

“ஆருக்கு?”

தும்மினேன்.

அவர் திரையை விரலால் தட்டினார். “அப்ப பொடியன் டொக்டர் எண்டது? அதையும் நீதான் எழுதினயா?”

“இல்ல இல்ல, அது உண்மை!”

“வாழைச்சேனை எண்டது?”

“அதுவும் உண்மை.”

“அப்ப ஆடு மட்டும்தான் பிழை.”

“ஓம், ஆடு மட்டும்தான்.”

சாக்கை எடுத்தார். சுற்றிவர வேலைக்காரர் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போடியார் அவர்களைப் பார்த்து உரத்த குரலில், “நம்மட மாப்பிளப் பொடியன் ஆடு களவெடுக்கல்லயாம்!” என்றார். அவர்களில் யாருக்கும் அதற்கு முன் ஆட்டுக் கதை தெரிந்திருக்கவில்லை என்று முகங்களைப் பார்த்தே விளங்கியது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். காதுக்குள் இன்னும் நெல்லுமி. ஆனால் மனம் லேசாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கடைக்காரர் அனுமதித்துவிட்டார்கள். புதிய பதிப்பு எல்லாருக்கும் போய்விட்டது. நிதுர்ஷன் இப்போது நிதுர்ஷன், நிதர்சன் நிதர்சன்.

உடனே நட்சத்திரங்கள் விழத் தொடங்கின. “நல்லாயிருந்ததை ஏன் கெடுத்தீர்கள்?” “பழைய பதிப்பைத் தா.” ஒஸ்லோக்காரர் மட்டும், “ரசம் இன்னும் வருகிறது,” என்று எழுதியிருக்கிறார்.

அதெல்லாம் பரவாயில்லை. கபூர் ஐயாவின் மின்னஞ்சல்தான் நெஞ்சில் நிற்கிறது. “அறிவித்தலை வாசித்தேன். தாங்கள் செய்தது சரி. ஒருவர் பெயர் கெடுவதைவிட என் பெயர் கற்பூராக இருப்பது மேல். ஆயினும் அந்த மூன்று கிழமையும் நான் காலையில் எழும்பி ஒருமுறை என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடித்தேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

என்ன பதில் எழுதுவது?

மார்ச் 13, வியாழன்

நிதுர்ஷனின் தகவல்: சம்மந்தம் மறுபடி பொருந்திவிட்டது! போடியாருக்கு வெட்கமாம், அதனால் ஆவணி வேண்டாம், வைகாசியிலேயே வைப்போம் என்கிறாராம். செசிக்கு வாசித்துக் காட்டினேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

பெருமை இரண்டு நாள்தான்.

காலையில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவுமில்லை.

“நான் கேதீஸ்வரி. நீங்க ஏன் அண்ணா வட்டைக்குப் போனீங்க?”

பொம்புளைப் புள்ள! நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் திருந்தவே மாட்டேன்.

“உண்மையச் சொல்லத்தான் தங்கச்சி...”

“எனக்கு உண்மை அண்டைக்கே தெரியும்.”

ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்பா பொடியனைப் பற்றிக் கொம்பியூட்டரில் பார்க்கச் சொன்னாராம். ஆட்டுச் செய்தி வந்தது. அவள் படித்த பிள்ளை, மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். பெயர் வேறு. படத்திலிருந்த ஆளுக்கு ஐம்பது வயது, வழுக்கை. பக்கத்தை மூடிவிட்டு, துழாவி காட்டியதை மட்டும் அப்பாவுக்குக் காட்டினாள்.

“எனக்குப் பேராதனையில முதுமாணி படிக்க இடம் கிடைச்சிரிக்கு. மே மாசம் தொடங்குது. அப்பா, கலியாணம் முடியட்டும், மாப்பிள விட்டாப் போ எண்டுட்டார். எனக்குக் கொஞ்சம் இடைவெளி தேவைப்பட்டிச்சு. நீங்க ஆவணியில இருந்ததை வைகாசிக்குக் கொண்டு வந்திட்டீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பொடியன் ஆட்டைக் கண்டு கையை இறக்கினதை நான் பாத்தன்! “தங்கச்சி, அந்தாள் போற வீட்டிலெல்லாம் ஆட்டை எண்ணுறாங்க, தெரியுமா?” என்றேன். “நான் நெல்லுச் சாக்குக்குள்ள தலைய விட்டு உங்கட அப்பாக்கு விளங்கப்படுத்தினன்!”

அவளுக்கு அது தெரியாது. ஆடு எண்ணுவதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும், பொருத்தம் சரியில்லை என்று சொல்லி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளாம். தரகர் வாய் அப்படி என்று யாருக்குத் தெரியும். அழுதுவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செசியைக் கூப்பிட்டேன்.

செசி இரண்டு பேரையும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்க அவருக்காகப் போய்த் தகப்பனோட கதைச்சீங்க. இவ உங்களோட கதைக்க வந்திரிக்கா. தரகர் எல்லாரோடயும் கதைச்சிட்டார். இவங்க ரெண்டு பேரும் எப்பவாவது கதைச்சாங்களா?”

“ரெண்டு தரம் ஃபோனில,” என்றாள் கேதீஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ரெண்டு தரமும் மாட்டுக்கு வாற கால்-வாய் நோயப் பத்தித்தான் சொன்னார்.”

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது, செசி வரச் சொன்ன இரண்டு பேரும் படலையில் நின்றார்கள், ஆளுக்கொரு பக்கம். நிதுர்ஷன் இன்று பூட்ஸ் இல்லாமல் செருப்போடு. செசி அவர்களை மேசையில் இருத்தி, தேத்தண்ணியும் பாணும் சம்பலும் வைத்துவிட்டு, என்னிடம் “உங்கட வெப்சைற் ஏதோ பழுதாம், போய்ப் பாருங்க” என்றாள்.

“இல்லயே, நல்லாத்தானே...”

“பழுது.”

அறைக்குள் போனேன். கதவு சரியாகச் சாத்தாது. கேட்டது என் குற்றமில்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

“நான் இல்லையெண்டு தெரிஞ்சும் காட்டினீங்க,” என்றார் நிதுர்ஷன்.

“ஓம்.”

“படிக்கப் போகணுமெண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எப்ப? நீங்க மூச்சு விட்டாத்தானே.”

நான் திரையைப் பார்த்தபடி, ஒரு எழுத்தும் அடிக்காமல் இருந்தேன்.

“எனக்கு இப்ப உங்களக் கட்ட விருப்பமில்ல,” என்றார் நிதுர்ஷன். “கோவத்தில சொல்லல்ல.”

“கோவத்தில சொன்னாலும் சரிதான்.”

“அப்பாட்ட நீங்கதான் சொல்லணும். நான் மாட்டன். இன்னொண்டு. ஆட்டுக் கதை பொய்யெண்டு அவர் நாலு பேருக்கு முன்னால சொல்லணும்.”

“சொல்லுறன். சொல்லவும் வைக்கிறன்.”

கரண்டிச் சத்தம். பாணைத் தின்கிறார்கள். அப்புறம் அவள் குரல், மெல்ல: “கால்-வாய் நோய்க்கு ஊசி வந்திட்டுதா?”

ஒரு சத்தம் கேட்டது. தேத்தண்ணி புரைக்கேறியது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், மனுசன் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவளும்.

செசி குசினி வாசலில் நின்று, நான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

கேதீஸ்வரி சொல்லிவிட்டாள். போடியார் அவளோடு பேசவில்லையாம். சாப்பாட்டுக்கும் பேசவில்லை, தண்ணிக்கும் பேசவில்லை. என்னோடும் பேசமாட்டாராம். நான் எதற்கு?

மார்ச் 27, வியாழன்

மகள் கொடுத்த வாக்கைப் போடியார் காப்பாற்றுகிறார். அதுதான் இப்போது பிரச்சினை. நேற்றுச் செங்கலடிச் சந்தையில் மீன் வாங்க நின்றேன். அவர் தேங்காய் வாங்கிக்கொண்டே கடைக்காரரிடம், “வாழைச்சேனை மாட்டு டொக்டர் நிதுர்ஷன் தெரியுமா? அந்தப் பொடியன் ஆடு களவெடுக்கல்ல,” என்றார். கடைக்காரர், “எந்த ஆடு?” என்றார். “எந்த ஆடும்!” என்றார் போடியார். பிறகு மீன்காரரிடமும், பஸ்ஸுக்கு நின்ற சனத்திடமும்.

நிதுர்ஷனிடம் ஃபோனில் சொன்னேன். “தெரியும்,” என்றார் பெருமூச்சோடு. “நேத்துப் போன வீட்டில, ‘நீங்கதானே ஆடு களவெடுக்காத டொக்டர்’ எண்டு கேட்டாங்க.”

ஆனால் யாரும் எண்ணவில்லையாம்.

ஏப்ரல் 2, புதன்

குளித்துக்கொண்டிருக்கும்போது யோசனை வந்தது. மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டு. அதில் கை வைக்காதே. அதற்குக் கீழே, சின்னதாய், சாம்பல் நிறத்தில்: ‘நீங்கள் தேடியது: அப்துல் கபூர்.’ அவர் எழுதியது அவருடையது, நீ எழுதியது உன்னுடையது. இரண்டும் ஒன்றா என்பதைப் பார்க்கிற ஆள்தான் திறந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஈரத்தோடு ஓடிவந்து செசியிடம் சொன்னேன். “இதத்தானே ரெண்டு மாசத்துக்கு முதல் சொன்னன்,” என்றாள். அவள் இதைச் சொல்லவில்லை. ஏறக்குறைய இதைச் சொன்னாள். சரி, சொன்னாள்.

ஏப்ரல் 12, சனி

புதிய பதிப்பு போய்விட்டது. ‘ரசம்’ பிழையும் தீர்ந்தது. ஒஸ்லோக்காரருக்குப் பெரியம்மா கிடைத்துவிட்டார். நட்சத்திரத்தை இரண்டாக்கியிருக்கிறார்.

கபூர் ஐயா: “சாம்பல் நிறம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பாக்கித் தரவும்.”

கறுப்பாக்கினேன்.

மே 4, ஞாயிறு

காலையில் கேதீஸ்வரி ஃபோன் எடுத்தாள், பஸ்ஸிலிருந்து. பேராதனைக்குப் போகிறாள். நேற்றிரவு போடியார் வாய் திறந்தாராம். “எத்தின மணி பஸ்?” அவ்வளவுதான். விடிய உழவு இயந்திரத்திலேயே பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டு, பஸ்ஸின் அடியில் ஒரு மூடை அரிசியும் ஏற்றிவிட்டாராம். பேராதனையில் அரிசி இல்லையென்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

“அழுதாரா?” என்று கேட்டேன்.

“இல்ல. கண்டக்டரோட மூடைக்குச் சண்டை பிடிச்சார்.”

மே 29, வியாழன்

ஹோட்டல்காரர் மூன்று பேர் ஒரே நாளில் புதுத் தளம் கேட்கிறார்கள். துழாவியைத் தொட நேரமில்லை. பிழை அறிவிப்புகள் குவிகின்றன. அதில் பாதி நிதுர்ஷன் அனுப்புவது. எனக்கு இப்படி ஒரு பரிசோதகர் கிடைப்பார் என்று நினைத்ததில்லை. மாட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பது போல ஒவ்வொரு பெயராகப் போட்டு, எங்கே சுடுகிறது என்று எழுதி அனுப்புகிறார். ‘சீதேவிப்பிள்ளை என்று போட்டால் சீதேவி தனியாக, பிள்ளை தனியாக வருகிறது. கவனிக்கவும்.’

தளத்தில் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டேன். மூன்று தடவை எழுத்துச் சரி பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். காற்று அடித்துக் காற்றிலும் வெயில். செசி பூசையால் வந்து பனடோல் போட்டுப் படுத்துவிட்டு, இப்போதுதான் எழும்பினாள்.

நிதுர்ஷனிடமிருந்து ஒரு பிழை அறிவிப்பு. பெயருக்குக் கீழே வரவேண்டிய கறுப்பு எழுத்து, சில தளங்களில் பெயருக்கு மேலேயே விழுந்து மறைக்கிறதாம். திரையை அப்படியே படமாய் எடுத்து அனுப்பியிருக்கிறார். உண்மைதான், மறைக்கிறது. என்ன காரணமென்றும் தெரிந்துவிட்டது, பத்து நிமிட வேலை.

திரையை முழுதாகப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் மேலே என்னென்ன பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று பார்ப்பதில்லை. அவருடைய உலாவியில் துழாவிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு திறந்திருந்தன. ஒன்று, ‘மட்டக்களப்பு – கண்டி பஸ் நேரம்.’ மற்றது, ‘பேராதனைப் பூங்கா, திறக்கும் நேரம்.’

துழாவித் தளத்தில் முதல் நாளிலிருந்தே ஒரு வரி இருக்கிறது: நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை.

படத்தின் மேற்பகுதியை வெட்டினேன். பிழை இருக்கிற துண்டை மட்டும் கோப்பில் போட்டேன்.

“என்ன வெட்டுறீங்க?” என்று பின்னால் செசியின் குரல்.

“ஒண்டுமில்ல. நிதுர்ஷன் ஒரு பிழை அனுப்பியிருக்கார்.”

“திருத்தணுமா?”

“இல்ல,” என்றேன். பிறகு, “ஓம் ஓம், திருத்தணும். கறுப்பு எழுத்து மேல விழுகுது,” என்று நிரலைத் திறந்தேன்.